36 ஃப்ரேம்... ஒரே ஒரு விளக்கு!

கரன்ட் போன வீட்டுல, ஒரே ஒரு விளக்கு வெளிச்சத்துல உங்க பாட்டியை போட்டோ எடுத்திருக்கீங்களா? 'இதென்ன பிரமாதம்... போன்ல நைட் மோட் இருக்கே!'ன்னுதானே சொல்றீங்க? நானும் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆனா, போன் எடுத்த படத்துல எங்க அப்பாயி வீடு, டியூப் லைட் போட்ட கல்யாண மண்டபம் மாதிரி பளபளன்னு வந்துச்சு. இருட்டைக் காணோம். அந்த வீட்டுல பாதி அழகே இருட்டுதான் பாஸ்!

அதனால பெரியப்பாகிட்ட போய் நின்னேன். கும்பகோணத்துல ஸ்டூடியோ வெச்சிருந்தவர். அவரோட பழைய பிலிம் கேமரா, 50 எம்.எம். லென்ஸ், ஒரு ரோல் பிளாக் அண்ட் ஒயிட் பிலிம்... மூணையும் வாங்கிக்கிட்டு போன கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போனேன். திண்ணை, மாடம், முற்றம்னு அப்பாயி வரிசையா விளக்கு ஏத்த ஏத்த, நான் 'க்ளிக்' பண்ணிட்டே இருந்தேன். மீட்டர் முள் நடுவுல நிக்குதான்னு பார்த்துப் பார்த்துதான் எடுத்தேன்.

கழுவிப் பார்த்தா... விளக்கெல்லாம் நட்சத்திரம் மாதிரி இருக்கு. அப்பாயி? இல்லவே இல்லை! நெகடிவ்ல அவங்க முகம் இருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு. தெளிவா இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க. நெகடிவ்ல தெளிவுன்னா, அங்க வெளிச்சமே பதியலைன்னு அர்த்தம்.

பெரியப்பா நெகடிவை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ''டேய்... நீ வெளிச்சம் எவ்வளவுன்னு விளக்கைக் கேட்டியா, அப்பாயியைக் கேட்டியா?''

விஷயம் இதுதான். தை அறுப்பு முடிஞ்சதும் அந்த வீட்டை இடிக்கிறதா முடிவாகிடுச்சு. அப்பாயி திருச்சிக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போறாங்க. எனக்கு மிச்சம் இருந்தது ஒரு பொங்கல் லீவு, ஒரு ரோல். 36 ஃப்ரேம்!

நந்திகிட்ட டியூஷன்

தப்பு எங்கன்னு கண்டுபிடிக்க, பொங்கலுக்கு முந்தின நாள் காலைல ஆறு மணிக்கு தஞ்சாவூர் பெரிய கோயில் வாசல்ல நின்னேன். மார்கழிக் குளிர். இன்னும் முழுசா விடியலை. 1010-ல் கட்டி முடிச்ச கோயில். 216 அடி விமானம் சாம்பல் நிற வானத்துல கறுப்பா நிக்குது. நேரா நந்தி மண்டபம் போயிட்டேன்.

நந்தி கறுப்பு. அதுக்குப் பின்னாடி கிழக்கு வானம் வெளுத்துக்கிட்டு வருது. வானத்தோட சேர்த்து அளந்தா, 'ஆஹா, நிறைய வெளிச்சம்!'னு மீட்டர் ஏமாந்து, நந்தியை மைக் கறுப்பாக்கிடும். கிட்டப் போய் நந்தி உடம்பை மட்டும் அளந்தா, 'அய்யோ, இருட்டு!'ன்னு பயந்து, வெளிச்சத்தை அள்ளிக் கொட்டி நந்தியைச் சாம்பலாக்கிடும்.

ஏன்னா, மீட்டர் ரொம்ப நேர்மையான ஆள், ஆனா அப்பாவி! தான் பார்க்குற எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம்னு நினைச்சுக்கும். தன்மேல விழுற வெளிச்சத்துல சுமார் 18 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புற பொருள், அவ்வளவுதான் அதோட உலகம். வெள்ளை வேட்டியைக் காட்டினாலும் சாம்பல், கறுப்பு நந்தியைக் காட்டினாலும் சாம்பல். எது கறுப்பா இருக்கணும், எது தெரியணும்னு அதுக்குத் தெரியாது. அதை முடிவு பண்ண வேண்டியது நாமதான்.

கார்த்திகையன்னிக்கு நான் பண்ணின தப்பு இப்போ புரிஞ்சுதா? ஃப்ரேம்ல சுடரை வெச்சுக்கிட்டு மீட்டர்கிட்ட கேட்டிருக்கேன். அதுவும் சுடருக்குத்தான் பதில் சொல்லியிருக்கு!

இந்தக் கோயிலுக்கும் இருட்டுக்கும் பழைய கணக்கு ஒண்ணு உண்டு. கருவறையைச் சுத்தி ஓர் இருட்டான உள் சுற்றுப்பாதை இருக்கு. நாம சாதாரணமா உள்ளே போக முடியாது. 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் எஸ்.கே.கோவிந்தசாமி அதுக்குள்ளே விளக்கோட போனார். சுவர்ல நாயக்கர் கால ஓவியம். அது உதிர்ந்த இடத்துல, அடியில சோழர் கால ஓவியம்! சுந்தரர், திரிபுராந்தகர் எல்லாம் அந்த இருட்டுக்குள்ளேதான் இத்தனை நூற்றாண்டா இருந்திருக்காங்க.

அதுக்கும் முன்னாடி, 1858-ல் இதே கோயிலுக்கு கேமராவோட வந்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசாங்கத்தோட போட்டோகிராபர். அடித்தளத்துல இருக்குற கல்வெட்டுகளைத் துண்டு துண்டா எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தக் காலத்துக் காகித நெகடிவ் நம்ம பிலிம் மாதிரி வேகமானது இல்லை. ஸ்டாண்டுல கேமராவை நிறுத்திட்டுப் பொறுமையா நிக்கணும்.

வெளிச்சம் பத்தலைன்னா ரெண்டே வழி. கோவிந்தசாமி மாதிரி விளக்கைக் கொண்டு போகணும், இல்லைன்னா டிரைப் மாதிரி காத்திருக்கணும். அப்பாயி வீட்டுல விளக்கு ஏற்கெனவே இருக்கு. அப்போ நான் காத்திருக்கக் கத்துக்கணும்!

அஞ்சு ஆறு தாண்டி...

தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு பஸ்ல ஜன்னல் சீட் கிடைச்சா விடாதீங்க. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு பாலம் பாலமா வரும். நடுவுல எல்லாம் வயல்தான். தை பொறக்குற நேரத்துல சம்பாக் கதிர் தலையைச் சாய்ச்சு நிக்கும். சில வயல்ல அறுப்பு மெஷின் இறங்கியிருந்துச்சு. குடமுருட்டிப் பாலத்துக்கிட்ட இறங்கி நடந்தா எங்க ஊரு.

பஸ்ல உட்கார்ந்து நோட்டுல கணக்கு போட்டேன். நீங்களும் போடுங்க, ஈஸிதான். வெளிச்சம் ரெண்டு மடங்கானா ஒரு ஸ்டாப் கூட. பாதியானா ஒரு ஸ்டாப் குறைவு. (நம்ம இன்ஜினீயரிங் பசங்களுக்கு: லாக் பேஸ் 2!) என் பிலிம் எச்.பி.5 பிளஸ், வேகம் 400. லென்ஸோட அபர்ச்சர் முழுசாத் திறந்தா எஃப் 2. ஷட்டரை எவ்வளவு மெதுவா விடலாம்? கையில பிடிச்சு எடுத்தா, 50 எம்.எம். லென்ஸுக்கு 1/60 செகண்ட் வரைக்கும் பயமில்லை. அதுக்குக் கீழே போனா கை நடுங்குறது படத்துல தெரியும்.

'400 பிலிமை 1600-னு நினைச்சு எடுத்துட்டு, அதிக நேரம் கழுவினா ஆச்சு'ன்னு காலேஜ்ல சீனியர் ஐடியா கொடுத்திருந்தார். 'புஷ்' பண்றதுன்னு பேரு. வேலைக்கு ஆகும்தான். ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. அதிக நேரம் கழுவினா, ஏற்கெனவே பதிஞ்ச வெளிச்சம்தான் இன்னும் அழுத்தமாகும். பதியாத நிழல் பதியாததுதான். விதைக்காத இடத்துல எவ்வளவு தண்ணி பாய்ச்சினாலும் நெல் முளைக்குமா? இன்னொண்ணு, ரோல் முழுக்க ஒரே பானைச் சோறு. ஒரு பருக்கைக்கு மட்டும் தனியா உப்பு போட முடியாது!

ரெண்டு கேள்வி, ஒரே ஷட்டர்

சாயங்காலம் ஆறே கால். கூடத்துல அஞ்சு முகமும் ஏத்தின குத்துவிளக்கு. பக்கத்துல அப்பாயி. அவங்களுக்குப் பின்னாடி, ஆளுயர மண் குதிர். ஒரு காலத்துல வருஷா வருஷம் நெல் கொட்டி வெச்ச குதிர். இப்போ காலி. வீட்டோட சேர்ந்து அதுவும் உடையப் போகுது. மண் குதிரைத் தூக்கிட்டுத் திருச்சிக்குப் போக முடியுமா?

பெரியப்பா சொல்லிக் கொடுத்த வித்தை இது. அப்பாயி முகத்துக்குப் பக்கத்துல என் உள்ளங்கையை விளக்கைப் பார்த்த மாதிரி நீட்டி, அதை மட்டும் ஃப்ரேம் முழுக்க வெச்சு அளந்தேன். எஃப் 2, 1/15 செகண்ட். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. அதனால ஒரு ஸ்டாப் கூட்டி, 1/8.

அடுத்து குதிர்கிட்ட போய் அளந்தேன். மீட்டர் சொன்னது அரை செகண்ட். ஆனா குதிர் சாம்பலா வந்தா அது பகல் ஆகிடுமே! கறுப்பாவும் இருக்கணும், மண்ணோட சொரசொரப்பும் தெரியணும். அதுக்கு மீட்டர் சொல்றதைவிட ரெண்டு ஸ்டாப் குறைக்கணும். அரை, கால், அரைக்கால்... அட, அதே 1/8!

புஷ் பண்ணி 1/30-ல் எடுத்திருந்தா முகம் ஷார்ப்பா வந்திருக்கும். குதிர் மறுபடியும் கண்ணாடிதான். 1/8-ல் எடுத்தா குதிர் உண்டு, ஆனா அப்பாயி அசைஞ்சா போச்சு. வீட்டுல ரெண்டு நெல் மூட்டை கிடந்துச்சு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, அதுல கேமராவை அழுத்தி வெச்சேன்.

''அப்பாயி, அசையாம இரு.''

''ஏண்டா தம்பி, மூச்சாவது விடலாமா?''

அந்தப் பேச்சுலயே முதல் படம் போச்சு. ரெண்டாவதுல கண்ணை மூடிட்டாங்க. மூணாவது... 'டக்'குனு இல்லாம, 'டெ...ரக்'னு ஷட்டர் மூடின சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதோட எண்ணெய் தீர்ந்து ரெண்டு முகம் அணைஞ்சுபோச்சு.

ஐஸ் கட்டியும் ஏழரை நிமிஷமும்

கழுவுறதுலயும் ஒரு கண்டம். ஐடி-11 டெவலப்பர்ல இந்த பிலிமுக்கு ஏழரை நிமிஷம், 20 டிகிரியில. (1600-க்குப் புஷ் பண்ணியிருந்தா 14 நிமிஷம்.) நம்ம ஊர்ல டெவலப்பரைக் கரைச்சா தண்ணி 20 டிகிரியிலயா இருக்கும்? அகலமான பேசின்ல ஐஸ் கட்டி போட்டு, அதுக்குள்ளே பாட்டிலை இறக்கி, தெர்மாமீட்டரும் கையுமா பெரியப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். செமஸ்டர் ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை!

நெகடிவை வெளியே எடுத்து மூணாவது படத்தைத் தேடினேன். முகம் இருந்த இடம் நல்ல அடர்த்தி. பின்னாடி, லேசா, புகை மாதிரி... குதிர்!

அந்த வீடு இப்போ இல்லை. போன மாசம் பிரின்ட்டை எடுத்துக்கிட்டுத் திருச்சி போனேன். நல்லாப் பார்த்தா அப்பாயி முகம் கொஞ்சம் கலங்கித்தான் இருக்கு. மூச்சு விட்டிருக்காங்க! 'மன்னிச்சுக்க அப்பாயி'ன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். அவங்க தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, படத்தைக் கண்ணுக்குக் கிட்ட கொண்டு போய், விரலால ஓர் இடத்தைத் தடவினாங்க.

''நான் கெடக்கேன்... குதிரு விழுந்திருக்கு பாரு!''

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ, விளக்கு வெக்கிற நேரத்துல கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க. பிலிம் கேமராவோ, போனோ, எதுவா வேணா இருக்கட்டும். எடுக்குறதுக்கு முன்னாடி, அந்த இருட்டுக்குள்ளே எது தெரிஞ்சாகணும்னு வீட்டுல இருக்குறவங்களை ஒரு வார்த்தை கேட்டுடுங்க. மீட்டருக்கு அது தெரியாது பாஸ்!