போலோன்யாவில் ஓர் அறை

செப்டம்பர் 18
இன்றும் அறை கிடைக்கவில்லை. ஒரு வீட்டுக்கார அம்மா, "வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். வெளியே அடைமழை. ஆனாலும் விடுதிவரை நனையாமல் வந்தேன். இந்த இத்தாலிய ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் தூண்கள் வைத்த தாழ்வாரங்கள். மொத்தம் 60 கிலோமீட்டருக்கு மேல்.

செப்டம்பர் 27
ஜாம்போனி தெருவுக்குப் பக்கத்தில் இடம் அமைந்தது. பலெர்மோவிலிருந்து வந்த பெண்ணோடு பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அக்டோபர் 9
தாழ்வாரங்களின் கதையை இன்று வகுப்பில் கேட்டேன். இங்குள்ள பல்கலைக்கழகம் 1088-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. ஆல்ப்ஸ் மலை தாண்டிப் படிக்க வந்தவர்களும் பிழைக்க வந்தவர்களும் பெருகப் பெருக, மாடி அறைகளைத் தெருவின் மேல் நீட்டிக் கட்டினார்களாம். அவற்றைத் தாங்க மரத்தூண்கள் வந்தன. 1288இல் நகரசபை, புது வீடென்றால் தாழ்வாரம் கட்டாயம் என்று சட்டமே போட்டது. குதிரையில் வருபவரும் போகும் உயரம் வேண்டும். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருக்கே. அன்று என்னை மழையில் காத்தது, என்னைப் போல அறை தேடி வந்தவர்களுக்காக நீண்ட மாடிகள்தான்!

நவம்பர் 14
அந்தக் காலத்தில் ஒருவன் கடனைக் கட்டாவிட்டால், அவன் ஊரிலிருந்து வந்த மாணவனைப் பிடித்து வசூலிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா அதைத் தடுத்தார். வழக்கு வந்தால் தன் ஆசிரியரிடமோ ஆயரிடமோ விசாரணை கேட்கும் உரிமையையும் மாணவனுக்குக் கொடுத்தார். வதிவிட அனுமதிக்காகத் தபால் நிலைய வரிசையில் நின்ற எனக்கு இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 23
வாய்மொழித் தேர்வு. பேராசிரியரின் எதிரே நான். பின்னால் மற்ற மாணவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இடைக்காலத்தில் வாடகையை எப்படி முடிவு செய்தார்கள் என்றார். மாணவர் தரப்பும் நகரத்தார் தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து என்றேன். முப்பதுக்கு 27. பிடிக்காவிட்டால் மதிப்பெண்ணை மறுத்து மீண்டும் தேர்வுக்கு வரலாம். எனக்கு இதுவே நிறைவு.

ஜூலை 6
அறையைக் காலி செய்கிறேன். அடுத்து வருபவள் எத்தியோப்பியப் பெண். சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டால் நிறையக் கிடைக்கும் என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப் பார்த்தார். 1288இல் தாழ்வாரத்துக்குச் சட்டம் போட்ட ஊர், இன்று மாணவர் அறைகளுக்கும் ஒன்று போடத்தான் வேண்டும். பலெர்மோக்காரியும் நானும் அவரிடம் போய் நெடுநேரம் பேசினோம். பழைய வாடகைக்கே ஒப்புக்கொண்டார்.