நாலு நோட்டில் ஒரு வீடு

எம்.எஸ்.டபிள்யூ முடித்துவிட்டாய் கண்ணு. அடுத்த வாரம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் புறத்தொடர்புப் பணியாளராகச் சேரப்போகிறாய். சட்டம் உனக்குத் தெரியும். நெமிலிச்சேரி எனக்குத் தெரியும். இங்கே அங்கன்வாடி டீச்சராக இருந்தே தலை நரைத்தவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி, வெளிவட்டச் சாலைப் பக்கம் நின்று இந்த இடம் யாருடையது என்று விசாரித்துப் பார். கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூரில். போலீஸ் என்றால் ஆவடி கமிஷனரேட். 2022 ஜனவரியில் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் பூந்தமல்லி சுகாதார மாவட்டத்தில் வரும். ஒரு பிள்ளைக்கு ஒன்று என்றால் ஒரே வாசலுக்கு மூன்று திசையிலிருந்து ஆள் வரவேண்டும். வந்தவர்களுக்கு ஒருவரையொருவர் முகம் தெரியாது. இதை யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவரவர் வசதிக்கு எல்லை போட்டார்கள். அந்தக் கோடு குடும்பத்தின் நடுவீட்டில் விழுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஷீட் போட்ட வீடு ஒன்று. புருஷன் சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், போன இடத்திலேயே தங்கிவிட்டான். அந்த அம்மாவுக்கு விடாத இருமல். பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் என்னிடம் வருகிற பையன். என் எடைப் பதிவேட்டில் மூன்று மாதமாக அவன் எடை நகரவில்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவில் பெரியவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆப்சென்ட். கிராம சுகாதார செவிலியரின் நோட்டில் அந்த அம்மா டி.பி. மாத்திரை வாங்க வராதது எழுதியிருந்தது. ரேஷன் கடைக்காரருக்கு அந்தக் கார்டுக்கு மாசக்கணக்காக அரிசி போகவில்லை என்பது தெரியும். கார்டு அடகில் இருந்தது. நாலு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தோம். நாலு நோட்டும் சரி. அந்த வீடுதான் மூழ்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டு முடித்து டீ குடிக்கும்போது செவிலியரம்மா, "அந்தத் தெருவுல ஒருத்தி மாத்திரையை நிறுத்திட்டா டீச்சர்" என்றார். "யாரு, நம்ம பையனோட அம்மாவா?" என்றேன். அன்று சாயங்காலமே தலைமையாசிரியையையும் கூட்டிக்கொண்டு மூவரும் அந்த வீட்டுக்குப் போனோம். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை, டீதான் காரணம். நீ போகிற இடத்தில் ஒருங்கிணைப்புக் கூட்டம் என்று மாதாமாதம் நடக்கும். போ, வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டத்தில் ஒருவரும் "அந்தத் தெருவுல ஒருத்தி" என்று பேச்சை ஆரம்பிப்பதில்லை; எத்தனை சதவீதம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், பிள்ளைகளை ஹோமில் விட்டுவிடுங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இளைஞர் நீதிச் சட்டம் 2015 என்ன சொல்கிறது என்று நீயே படித்திருக்கிறாய்: இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. அந்த அம்மா பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவில்லை, அடிக்கவில்லை. அவளுக்கு மாத்திரையும் அரிசியும் வேண்டியிருந்தது, பெரியவளின் இடுப்பிலிருந்து சின்னவனை யாராவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. மகளிர் குழுவில் கைமாற்று வாங்கிக் கார்டை மீட்டோம். சின்னவனைச் சாயங்காலம் வரை என்னோடு வைத்துக்கொண்டேன். அவன் என்னிடம் இருந்ததால் பெரியவள் பள்ளிக்கு வந்தாள். பிள்ளைகளை இருமலுக்குச் சோதித்து, அந்த அம்மாவை மறுபடி மாத்திரைக்குக் கொண்டுவந்தார் செவிலியர். நிதி ஆதரவுக்கு மனு போட்டோம். பணம் வர மாதங்கள் ஆயின. அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் உடைகின்றன என்பது என் அபிப்பிராயம். மனு போட்ட அன்றைக்கு எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறோம். அடுப்பு அன்றைக்கும் எரியவேண்டும்.

நம்மூர் நிர்வாகம்தான் இப்படி என்று நினைக்காதே. ஐவரி கோஸ்டிலிருந்து லண்டனுக்கு அழைத்துவரப்பட்ட விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, 2000 பிப்ரவரியில் சித்திரவதையால் இறந்தாள். நான்கு உள்ளாட்சிகளின் சமூக சேவைத் துறைகள், போலீசின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகள், இரண்டு மருத்துவமனைகள், ஒரு பெரிய தொண்டு நிறுவனத்தின் மையம் – இத்தனை பேருக்கும் அவளைத் தெரியும். 2003இல் லார்ட் லாமிங் அறிக்கை, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் குறைந்தது 12 என்று எண்ணிச் சொன்னது. அடுத்த வருடமே அங்கே குழந்தைகள் சட்டத்தை மாற்றினார்கள். கம்ப்யூட்டரும் காரும் உள்ள ஊரில் நடந்தது இது.

நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் இதே கதைதான். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்தைக் கொத்தடிமையிலிருந்து மீட்டால் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பவர் ஆர்.டி.ஓ. பிள்ளையின் படிப்பு வேறு துறை. ரயிலேற்றி அனுப்பியபின் அவன் எந்தப் பள்ளியில் சேர்ந்தான் என்று பார்ப்பது இன்னொரு மாநிலத்தின் பொறுப்பு. ரயில் கிளம்பியதும் நம் கோப்பு மூடிவிடும். நீ மூடாதே. அங்கே உள்ள மாவட்ட அலகுக்குப் போன் போட்டு, பையன் வந்துசேர்ந்தானா என்று கேள். கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் போதாது.

இன்னொன்று. சேர்ந்து வேலை செய்வதென்றால் எல்லாருக்கும் எல்லாம் தெரியவேண்டும் என்பதில்லை. அந்த அம்மாவுக்கு டி.பி. என்பது ரேஷன் கடைக்காரருக்கு எதற்கு? கார்டு எங்கே என்பது மட்டும் போதும். வாட்ஸ்அப் குரூப்பில் பிள்ளையின் போட்டோவைப் போட்டு "மீட்கப்பட்டார்" என்று எழுதுகிறார்களே, எனக்கு வயிறு எரிகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74வது பிரிவில் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. தண்டனைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கு இதே தெருவில்தான் தண்ணீர் பிடிக்க வரவேண்டும்.

அதேபோல, அம்மாவிடம் ஒவ்வொருவரும் முதலிலிருந்து கதை கேட்காதீர்கள். புருஷன் எப்போது போனான், ஏன் போனான் என்று அஞ்சு ஆபீசில் அஞ்சு முறை சொல்லவைத்தால் ஆறாவது ஆபீசுக்கு அவள் வரமாட்டாள். ஒருவர் கேட்டு, அவளிடம் வாசித்துக் காட்டி, அவள் சம்மதித்ததை மட்டும் மற்றவரிடம் கொடுங்கள். குழந்தைகள் நலக் குழு சமூக விசாரணை அறிக்கை கேட்டால் 15 நாள்தான் உனக்கு. அதற்குள் ஓடிப்போய்க் கேள்விப் பட்டியலை நீட்டாமல், ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் போய்வருகிற ஆளைக் கண்டுபிடி.

இப்போது வழிகள் அதிகம். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 2025 செப்டம்பரில் வந்த தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000. முன்பு தொண்டு நிறுவனங்கள் கவனித்த குழந்தைகள் உதவி எண் 1098ஐ 2023 முதல் அரசே நடத்துகிறது. எல்லாம் நல்லது. ஆனால் மனுவோடு திருவள்ளூர் போகிற அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஒரு ஜெராக்ஸ் குறைந்தால் இன்னொரு நாள். அதனால் அவளை அனுப்புவதற்கு முந்தின நாளே எல்லாக் காகிதத்தையும் நீ ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடு. பேங்க் பாஸ்புக்கில் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று முக்கியமாகப் பார். அங்கே யாரைப் பார்க்கவேண்டும், அவர் அன்றைக்கு சீட்டில் இருப்பாரா என்றும் போனில் கேட்டுக்கொள்.

சேர்ந்த முதல் வாரம் மேலதிகாரி உனக்கு ஃபைல்களைக் கொடுப்பார். வாங்கி வைத்துக்கொள். புதன்கிழமை மட்டும் பர்மிஷன் சொல்லிவிட்டு இங்கே அங்கன்வாடிக்கு வா. ஊசி முடிய பதினொன்றரை ஆகிவிடும், செவிலியரம்மா அதற்கப்புறம்தான் உட்காருவார். டீ நான் சொல்லிவைக்கிறேன்.