பழைய கணினிகளும் பின்வாசல் சோறும்

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் காலனி இரவுப் பள்ளி வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. சென்னையிலிருந்து ஒரு கம்பெனி அனுப்பிய 23 பழைய கணினிகள் அதில் இருந்தன. கூடவே ஒரு பேனரும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பேனரைக் கட்டி, அதன் கீழே பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். நானும் சரி என்றேன். இரண்டு வருடமாக அலைந்து கேட்டது கைக்கு வந்திருக்கிறது, ஒரு போட்டோவில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை மட்டும் வரிசைக்கு வரவில்லை. வண்டி போன பிறகு ஏன் என்று கேட்டேன்.

"அண்ணா, ஊர்ல கல்யாணம் முடிஞ்சா பின்வாசல்ல நின்னு மிச்ச சோறு வாங்கிட்டு வருவோம்னு எங்க ஆயா சொல்லும். இதுவும் அதானே? சோத்துக்குப் பதிலா கம்ப்யூட்டர்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் தப்பாக எதையும் சொல்லிவிடவில்லை. சண்டாளருக்குப் பிணத்தின் துணியும் உடைந்த பாத்திரமும் என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் எழுதி வைத்திருக்கிறது. 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் அந்த நூலை எரித்தார்கள். நூல் எரிந்தாலும், வேண்டாததைச் சேரிக்குத் தள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லும் பழக்கம் நம்மிடமும் மிச்சமிருக்கிறது.

மறுநாள் பெட்டிகளைத் திறந்தோம். 23-இலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. கம்பெனியின் தகவல் வெளியே போகக் கூடாது என்று கழற்றியிருப்பார்கள், அது நியாயம். ஆனால் 11 பெட்டிகளில் ராமும் இல்லை. மின்சாரம் நின்றால் ராமில் எதுவும் தங்காது. அதைக் கழற்றியதற்குத் தகவல் பாதுகாப்பு காரணமாக இருக்க முடியாது. சில பெட்டிகளில் மதர்போர்டே கருகியிருந்தது. பேனரில் 'டிஜிட்டல் எதிர்காலம்' என்று போட்டிருந்தது.

நண்பர்களே, இந்தப் பெட்டிகள் இப்போது ஏன் நம்மைத் தேடி வருகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசஸரும் வேண்டும். அதனால் நன்றாக ஓடும் இயந்திரங்களையும் அலுவலகங்கள் கழிக்கின்றன. லினக்ஸ் போட்டால் அவற்றில் பல இன்னும் சில வருடம் உழைக்கும். ஓடாதவையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வருகின்றன என்பதுதான் பிரச்சினை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, பெரிய நிறுவனங்கள் தங்கள் மின்கழிவைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். செத்த பெட்டிக்கு 'நன்கொடை' என்று பெயர் வைத்துக் காலனிக்கு அனுப்பினால் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

திருப்பி அனுப்பிவிடலாமா என்று அன்று இரவு பேசினோம். வேண்டாம் என்று சொன்னதும் அதே தங்கைதான். "எது ஓடும்னு நாமளே பாத்து எடுப்போம். மீதிய அவங்களே வந்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பியை ஆசிரியராக வைத்துக்கொண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். தூசியை பிரஷ்ஷால் தட்டினோம். ராமின் பித்தளை நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதும் இரண்டு இயந்திரங்கள் உயிர் பெற்றன. காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தோம். தேதியை மறந்த பெட்டிகளுக்குக் காசு அளவு பேட்டரியை மாற்றினோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ராமும், ஒன்பது சிறிய எஸ்.எஸ்.டி.யும் வாங்கினோம். அதற்கான பணத்தை எங்கள் காலனியில் படித்து அரசு வேலைக்குப் போன ஆறு பேர் கொடுத்தார்கள். லினக்ஸ் மின்ட், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் போட்டு முடித்தபோது ஒன்பது கணினிகள் நின்றன. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் அக்காமார்களும் அண்ணன்மார்களும் வாங்கிய மடிக்கணினிகள், பேட்டரி செத்துப் பரணில் கிடந்தன. அவற்றில் மூன்று இப்போது ஒயரைச் சொருகினால் ஓடுகின்றன.

என் பள்ளி ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் அறைக்கு எங்களையும் அழைத்துப் போவார்கள். மவுஸைப் பிடித்தவர்கள் முன்வரிசைப் பையன்கள். நாங்கள் பின்னால் நின்று பார்த்தோம். "தொடாதீங்கடா, கெட்டுப்போயிடும்" என்று சொல்லப்பட்டது எங்களிடம் மட்டும்தான். ஏன் எங்களிடம் மட்டும் என்று கேட்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை. இன்று பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ஸ்க்ரூ டிரைவரால் மூடியைத் திறந்து, "இதுதான் மூளையாண்ணா?" என்று பிராசஸரைத் தொட்டுக் கேட்டபோது நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

மீதிப் பெட்டிகளை எடுத்துப் போகச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினோம். "காயலான் கடையில் போட்டால் உங்களுக்கே காசு வருமே" என்று போனில் சொன்னார்கள். செம்புக்காக ஒயரை எரிப்பவர்கள் யார், அந்தப் புகை யார் வீட்டுக்குள் போகிறது என்று நமக்குத் தெரியும். விதியைச் சொல்லி மறுபடி எழுதினோம். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு லாரி வந்தது. இந்த முறை பேனர் வரவில்லை.

இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஓட்டிக் காட்டாத இயந்திரத்தை வாங்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கோடு வந்தால் முதலில் முழுவதும் அழியுங்கள். ஓடாததைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் முகத்தைப் படத்துக்குக் கொடுக்காதீர்கள். பழுது பார்ப்பதை வெளியாளிடம் விடாமல் பிள்ளைகளையே செய்ய வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒன்பது கணினிகள் கிடைத்ததோடு நம் கோரிக்கை முடிந்துவிடாது. ஆதி திராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல் திட்டத்துக்கென்று 2024-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டமே நிறைவேற்றியிருக்கிறது. நம் பெயரில் ஒதுக்கும் பணம் நமக்கே செலவாக வேண்டும் என்பதற்கான சட்டம் அது. நம் பிள்ளைகள் தங்கும் அரசு விடுதிகளில் அந்தப் பணத்தில் எத்தனை கணினிகள் வாங்கப்பட்டன, எத்தனை ஓடுகின்றன? கம்பெனி வாசலில் நிற்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. நானும் கேட்காமல்தான் இருந்தேன்.

எங்கள் முதல் கணினியில் முதலில் தட்டச்சானது அந்தக் கேள்விதான். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பினோம். தட்டச்சு செய்தவள் போட்டோவில் நிற்காத தங்கை. 30 நாள் கடந்தும் பதில் வரவில்லை. நேற்று இரவு ஒன்பது மணிக்குப் போனபோது இரவுப் பள்ளியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் முதல் மேல்முறையீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று நான் போட்டுக் கொடுத்திருந்த வரியை எடுத்துவிட்டு, 'கோருகிறேன்' என்று மாற்றியிருந்தாள்.

ஜெய்பீம்.