வாப்பாவின் தோணி கரை மாறின கதை

ஓட்டமாவடிப் பாலத்தடியில் வாப்பாவின் பாய்த்தோணியைக் காணவில்லையே, வித்துப்போட்டீங்களா என்று பலர் போனில் கேட்டுவிட்டீர்கள். விற்கவில்லை. தோணி இப்போது கதிரவெளிக் கடற்கரையில் கிடக்கிறது. ஆளாளுக்குச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

தோணி கட்டியிருந்த ஆற்றங்கரையில் வேலை தொடங்கப்போகுது, இடத்தை விடுங்க என்று சொன்னார்கள். பைபர் வள்ளக்காரர்கள் ஆளுக்கொரு இடம் பார்த்துப் போனார்கள். பாய் கட்டுகிற மரத்தோணி எங்களுடையது மட்டுந்தான். நான் படிப்பிப்பது கதிரவெளிப் பக்கம், கிழமை நாட்களில் தங்கலும் அங்கேதான். "நீ இருக்கிற கரையிலயே கிடக்கட்டும்" என்றார் வாப்பா.

சொல்வதற்கு லேசு. ஆற்றில் தோணி வைத்திருக்க ஒரு முளையும் ஒரு கயிறும் போதும், தனி ஆள் வந்து அவிழ்த்துக்கொண்டு போகலாம். கதிரவெளி திறந்த கடல். அங்கே கட்டி விட்டால் ஒரு இரவு அலையே தோணியை உடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் மணலில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். மரத்தோணி என்றால் எட்டுப் பத்துப் பேரின் தோள் வேண்டும். ஆக, கேட்க வேண்டியது இடத்தை அல்ல, ஆட்களை.

வாப்பாவுக்கு அங்கே ஒரு கூட்டாளி இருந்தார். எண்பதுகளில் கருவாடு வாங்கப் போனால் அவர் வாடியில்தான் படுக்கை. தொண்ணூறில் நடந்தவற்றோடு அந்தப் போக்குவரத்து அறுந்தது. பிறகு 2004 சுனாமி. பிறகு 2006 நவம்பர் 8. இடம்பெயர்ந்து கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்த நாள். செய்தியை ரேடியோவில் கேட்டுவிட்டு வாப்பா அன்று சாப்பிடவில்லை என்று உம்மா சொல்லுவா. போய்ப் பார்க்கப் பாதையும் இல்லை. கூட்டாளி இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் வருசங்கள் போயின. எனக்கு இங்கே நியமனம் கிடைத்த பிறகுதான் விசாரித்தேன். ஐயா இருந்தார்.

தோணியைக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தோணி வந்தா ஆளும் வருவானா?" என்றார்.

"வருவார்."

"அப்ப கொண்டு வா மனே. சங்கத்தில நான் கதைக்கிறன்."

சங்கத்தில் எல்லாரும் உடனே தலையாட்டவில்லை. "இண்டைக்கு ஒரு தோணி சேர். நாளைக்கு நாலு வந்தா?" என்று ஒரு தம்பி முகத்துக்கு நேரே கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியில் கோபம் வரவில்லை. எத்தனை தடவை எழும்பி ஓடித் திரும்பி வந்த சனம்! அவர்களுக்கு மிஞ்சினது இந்தக் கரைதான். ஒரு தோணிதான், சுருக்கு வலை இல்லை, கோயில் திருவிழா நாட்களில் இறங்குவதில்லை என்று பேசி முடித்தோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் வரை நாங்களாகவே இறங்கமாட்டோம் என்று வாப்பா போனில் சேர்த்துச் சொன்னார். அதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

ஏப்ரல் லீவில் புறப்பட்டோம். கச்சான் எடுக்க முன்னம் போய்விட வேண்டும் என்பது வாப்பாவின் கணக்கு. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அது பிடித்தால் பாய்த்தோணி ஆழக் கடலுக்குத்தான் போகும். பாய்மரத்தைச் சாய்த்துப் பாலத்தின் கீழ் எடுத்தோம். ரயிலும் பஸ்ஸும் ஒரே இரும்புப் பாலத்தில் மாறி மாறிப் போன காலத்திலும் இப்படித்தான் சாய்ப்பாராம். நாசிவன்தீவுக்குக் கிட்ட சுபஹ் தொழுது, பிஸ்மி சொல்லி முகத்துவாரத்தால் வெளியேறினோம். விடியற்காலைக் கரைக்காற்று நல்லாய் இழுத்தது. காயான்கேணி, மாங்கேணி எல்லாம் கையெட்டுகிற தூரத்தில் போயின. வாப்பா சுக்கானைக் காக்காவிடமும் கொடுக்கவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை.

பனிச்சங்கேணிக்கு நேரே காற்று செத்துவிட்டது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி. கடைசியில் ஐயாவின் பேரன் இஞ்சின் வள்ளத்தோடு வந்து கயிறு போட்டு இழுத்தான். வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்கா வரைக்கும் பாயில் போனது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். எங்கள் தோணி கதிரவெளி வந்தது கயிற்றில்.

கரையில் ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணியில் நின்றார். "மெலிஞ்சு போனாய்" என்றார். "உனக்குத் தலையில ஒண்டும் இல்லையே" என்றார் வாப்பா. பிறகு இரண்டு பேரும் கதைக்கவில்லை. தோணியை உருளைக் கட்டையில் ஏற்றி, ஏலேலோ சொல்லித் தள்ளினார்கள். அணியத்தில் முதல் தோள் வைத்தது அன்று கேள்வி கேட்ட அந்தத் தம்பி. தள்ளி முடிந்த பிறகு வாப்பாவும் ஐயாவும் தோணி நிழலில் இருந்தார்கள். யார் யார் இல்லை என்று ஐயா ஒவ்வொருவராகச் சொல்ல, வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ளுஹருக்கு நான்தான் போய் எழுப்பினேன்.

இப்போதைய கவலை வேறு. பிறந்ததிலிருந்து தண்ணியில் கிடந்த தோணி, மணலில் காய்ந்து பலகைகள் வாய் திறக்கப் பார்க்கின்றன. ஐயா கிடுகு போட்டு மூடி, பின்னேரம் பின்னேரம் தண்ணி ஊற்ற ஆள் வைத்திருக்கிறார். வாப்பா கிழமைக்கு இரண்டு தரம் பஸ்ஸில் வந்து அதைப் "பார்வையிடுகிறார்". வந்தால் தோணிக்குப் பக்கத்தில் பத்து நிமிசம், ஐயா வீட்டுத் திண்ணையில் மூன்று மணித்தியாலம்.

ஐப்பசியில் வாடை தொடங்க முன்னம் தோணியை இறக்கி வெருகல் ஆற்றுப் பக்கம் ஒதுக்க வேண்டும். எட்டுப் பேர் வேண்டும், இதுவரை ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டமாவடியிலிருந்து வரக்கூடியவர்கள் எனக்குச் சொல்லுங்கள். பகல் சாப்பாடு ஐயா வீட்டில்.