சரியான அழுத்தம் என்பது எது?

நியான் விளக்குக் குழாயில் எவ்வளவு வாயுவை அடைக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் விடை கிடையாது. மொழியியல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தொழிற்சொற்களைத் தொகுக்கும் ஆய்வுக்காக, ஐதராபாத்தின் பழைய நகரில் உள்ள ஒரு நியான் பட்டறைக்கு ஓராண்டாகச் சென்றுவருகிறேன். அங்கே குறித்துக்கொண்ட சொற்களுள் என்னை மிகுதியும் சிந்திக்க வைத்தது ‘சஹி’ என்னும் எளிய சொல். ‘சரியானது’ என்பதே அதன் பொருள்.

திரவமாக்கிய காற்றிலிருந்து ராம்சேயும் டிராவர்சும் 1898இல் நியானைப் பிரித்தெடுத்தனர். கிரேக்கத்தில் ‘புதியது’ என்று பொருள்படும் சொல்லே அதற்குப் பெயராயிற்று. 1910இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் அதை விளக்காகக் காட்டினார். அன்று முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாயில் சிறிதளவு வாயு. இரு முனைகளிலும் மின்முனைகள். அவற்றுக்கிடையே உயர் மின்னழுத்தம்.

அந்தச் ‘சிறிதளவு’ எவ்வளவு? வளிமண்டல அழுத்தம் 760 டார். 15 மி.மீ. விட்டமுள்ள குழாய்க்கு நியான் சுமார் 10 முதல் 12 டார் வரை நிரப்பப்படுகிறது. அதாவது வளிமண்டலத்தில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு. குழாய் குறுகினால் அழுத்தத்தைக் கூட்டுவார்கள், அகன்றால் குறைப்பார்கள். விட்டம் பாதியானால், அதே நீளத்தில் அடங்கும் கொள்ளளவு கால் பங்காகிவிடும். குறைந்த இடத்தில் போதுமான வாயுவைச் சேமிக்க வேண்டுமானால் அழுத்தம் கூடியாக வேண்டும்.

சேமிப்பு எதற்கு? வாயு செலவாகிறது என்பதே காரணம். மூடிய குழாய்க்குள் அது எங்கும் போய்விட முடியாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அயனிகள் மின்முனையில் மோதி உலோகத் துகள்களைப் பெயர்க்கின்றன. அத்துகள்கள் அருகிலுள்ள கண்ணாடியில் கரிய படலமாகப் படியும்போது வாயு அணுக்களும் அதனுள் புதைந்துவிடுகின்றன. அழுத்தம் குறையக் குறைய அயனிகள் வழியில் தடைபடாமல் கூடுதல் வேகத்துடன் மோதுகின்றன. எனவே இழப்பும் விரைகிறது. தொடக்கத்திலேயே குறைவாக நிரப்பிய குழாய் தன் அழிவைத் தானே துரிதப்படுத்திக்கொள்கிறது.

அப்படியானால் தாராளமாக நிரப்பிவிடலாமே? அதற்கும் விலை உண்டு. அழுத்தம் கூடினால் குழாயை எரியவைக்க மின்னழுத்தமும் கூடுதலாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் திணறும், ஒளி நடுங்கும், ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இணைக்கக்கூடிய குழாயின் நீளமும் குறையும்.

சிக்கலின் மையம் இதுதான்: ஓரளவு குறைவாக நிரப்பிய குழாய் அதிகப் பொலிவுடன் ஒளிரும். கடைக்காரர் பலகையைப் பார்த்துப் பணம் தருவது முதல் நாளில். குழாய் மங்குவதோ பின்னொரு நாளில். வாடிக்கையாளர்கள் கேட்பது ‘தேஜ்’, அதாவது பொலிவு. உஸ்தாத் சொல்வது ‘சஹி’. ஓராண்டுப் பதிவுகளில் ஒருமுறைகூட அவர் அதிகம் ஒளிரும் அழுத்தத்தைச் ‘சஹி’ என்று குறிப்பிடவில்லை. நீடிக்கும் அழுத்தத்தை மட்டுமே அச்சொல்லால் சுட்டுகிறார். ஆக, அந்தப் பட்டறையில் ‘சரி’ என்ற சொல்லுக்குள் காலமும் அடங்கியிருக்கிறது. எந்த அகராதியும் இதைத் தராது.

பட்டறைச் சுவரில் ஓர் அட்டவணை உண்டு: ஒரு பக்கம் விட்டம், மறுபக்கம் அழுத்தம். அதில் காரணங்கள் இல்லை, செய்முறையும் இல்லை. வாயு நிரப்புமுன் குழாயில் மிகுமின்னோட்டம் செலுத்தி 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, வெளிப்படும் அழுக்குகளை உறிஞ்சி எடுக்கிறார்கள். அது முழுவதும் ஆறிய பிறகே நியான் உள்ளே செல்ல வேண்டும். 60 பாகை வெப்பத்தில் 10 டார் எனக் காட்டும் குழாய், 27 பாகைக்கு ஆறும்போது 9 டாராகக் குறைந்துவிடும். மின்னிணைப்பைத் துண்டித்தபின் உஸ்தாத் புறங்கையைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார். பிறகுதான் அழுத்தமானியைப் பார்க்கிறார். அதிலிருப்பது பாதரசமன்று, எண்ணெய். பாதரசத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆவது எண்ணெயில் ஏறத்தாழ 13 மில்லிமீட்டராக விரியும். சிறு பிழையும் கண்ணுக்குத் தப்பாது.

அவரிடம் தொழில் கற்ற இருவரும் இப்போது எல்இடி பட்டைகளை ஒட்டும் வேலைக்குச் சென்றுவிட்டனர். அதில் வளைக்கவோ நிரப்பவோ ஏதுமில்லை. ஊதியமும் நேரத்துக்குக் கிடைக்கிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. வெற்றிடப் பம்பும் கண்ணாடிக் கிளைக்குழாய்களும் இவ்வாண்டு இறுதிக்குள் விற்கப்பட்டுவிடும் என்கிறார் உஸ்தாத்.

அதற்குள் அந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒரு பத்தியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்: ‘ஏன்?’ அவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். நண்பர்களே, உங்கள் பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வேதியியல் துறைகளில் கண்ணாடி ஊதும் பணியாளரோ வெற்றிடக் கருவிகளோடு பழகியவரோ இருந்தால், அவர்கள் ஓய்வுபெறும் முன் ஒரு மாலை உடனிருந்து கேளுங்கள். எண்களைக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதைச் ‘சரி’ என்கிறார்கள், எத்தனை காலத்துக்கு என்று கேளுங்கள்.