மழை பார்த்துச் சொல்லும் வண்டியின் தரம்

நியூசிலாந்தின் தென் தீவைச் சுற்றிவிட்டு வரும் நம்மவர்கள் பலரும் ஒரு கனவோடுதான் திரும்புகிறார்கள். ஏரிக்கரையில் வரிசையாக நிற்கும் மோட்டார்ஹோம்கள்தான் அந்தக் கனவு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள். காலையில் கதவைத் திறந்தால் எதிரே பனிமலை. "நமக்கும் இப்படி ஒன்று இருந்தால்?" என்று கேட்காதவர்கள் குறைவு.

அங்கே குடியேறிய மலேசியக் குடும்பங்களுக்கு இது வெறும் ஆசை அல்ல, ஓய்வுகாலத் திட்டம். ஆனால் புதிய மோட்டார்ஹோமின் விலை கேட்டால் தலை சுற்றும். ஆகவே பெரும்பாலோர் தேடுவது பதினைந்து, இருபது, முப்பது ஆண்டு ஓடிய பழைய வண்டியைத்தான்.

கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் என் மாமாவும் அப்படித்தான் தேடினார். ஈப்போவில் பிறந்து, அங்கே போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர். நம் சேமநிதியைப் போல அங்கே கிவிசேவர் என்று ஒன்று உண்டு. 65 வயதில் பணத்தை எடுக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, மாமியோடு தீவை நிதானமாகச் சுற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். கடந்த ஏப்ரலில் நான் அங்கே இருந்தபோது வண்டி பார்க்க என்னையும் அழைத்துப் போனார்கள்.

உலர்ந்த ஊர், நனைந்த ஊர்

வண்டி வாங்கும் முன் தென் தீவின் நிலத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். தீவின் நடுவே முதுகெலும்பு போல ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஓடுகிறது. மேற்கிலிருந்து வரும் மேகம் அதில் மோதி, மழையை மேற்குக் கரையிலேயே கொட்டிவிடும். மில்ஃபோர்ட் சவுண்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,800 மில்லிமீட்டர் மழை. நம் கோலாலம்பூரில் பெய்வதைப் போல இரு மடங்குக்கும் மேல். மலைக்குக் கிழக்கே இருக்கும் கிறைஸ்ட்சர்ச்சிலோ 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான்.

இதற்கும் வண்டிக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? கிறைஸ்ட்சர்ச்சில் விற்பனைக்கு நிற்கும் வண்டி எப்போதும் உலர்ந்தே இருக்கும். கூரை ஒழுகுமா இல்லையா என்பது மலையைத் தாண்டிய பிறகுதான் தெரியும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

பழைய மோட்டார்ஹோம்கள் பலவற்றில் சுவருக்குள்ளே மரச் சட்டம், வெளியே அலுமினியம் அல்லது ஃபைபர் கிளாஸ் தகடு. இணைப்புகளில் பூசிய பசை ஆண்டுகள் போகப் போக வெயிலில் காய்ந்து வெடிக்கும். அந்தக் கீற்றில் புகும் நீர் வெளியே தெரியாமல் மரத்தை மக்க வைக்கும். எஞ்சின் கெட்டால் மாற்றலாம். மரம் மக்கினால் சுவரையே பிரித்துக் கட்ட வேண்டும். அதனால்தான் பழைய மோட்டார்ஹோமில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, ஈரத்தை.

தட்டிப் பாருங்கள்

நாங்கள் பார்த்த முதல் வண்டி தொண்ணூறுகளில் வந்தது. மஞ்சள் திரைச்சீலை, பளபளக்கும் அடுப்பு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே அகலமான கட்டில். உள்ளே கால் வைத்ததும் மாமிக்குப் பிடித்துவிட்டது. "இது போதுங்க, இதையே எடுத்துடலாம்" என்றார். விலையும் கைக்கு எட்டியது.

வானொலியில் நாள் முழுக்கக் குரல்களோடு பழகுவதால் எனக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். சுவரை விரலால் தட்டிக்கொண்டே போனேன். எங்கும் 'டக் டக்'. கட்டிலுக்கு மேலே மூலையில் மட்டும் 'தொப்' என்றது. அந்த இடத்தில் மட்டும் புதிதாகச் சுவர்த்தாள் ஒட்டியிருந்தது. மாமா கட்டை விரலால் அழுத்தினார். சுவர் உள்ளே போனது.

விற்றவர் வயதானவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "குளிர்காலத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் படியும், அவ்வளவுதான்" என்றார். மாமா பணம் கொடுத்து ஒரு பரிசோதகரை வரவழைத்தார். ஈரமானியை வைத்துப் பார்த்ததில், கூரைக் காற்றுத் திறப்பிலிருந்து சன்னல் வரைக்கும் மரம் நனைந்திருந்தது. பழுது பார்க்கும் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டும் என்றார் அவர். மாமி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே, கூரைத் திறப்பைச் சுற்றி, சன்னலுக்குக் கீழே, மேல் கட்டிலின் மூலைகளில், வாசற்படி அருகே தரையில் தட்டுங்கள், அழுத்துங்கள். அலமாரிகளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதுச் சாயமோ தாளோ இருந்தால் காரணம் கேளுங்கள். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

மலைப்பாதை கேட்கும் கேள்விகள்

அடுத்தது வண்டியின் அடிப்பாகம். கடற்காற்று படும் ஊர்களில் ஓடிய வண்டியில் துரு பிடித்திருக்கும். நம் புஸ்பாகோம் போல அங்கே 'வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ்' சோதனை உண்டு. தாங்கு சட்டத்தில் துரு இருந்தால் தேறாது. ஆனால் அந்தச் சோதனை பிரேக், விளக்கு, டயர், துரு போன்ற சாலைப் பாதுகாப்பை மட்டும்தான் பார்க்கும். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்காது.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் முடுக்கிப் பார்க்க வேண்டும். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். அது அறுந்தால் பல எஞ்சின்கள் அத்தோடு முடிந்தன.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் ஆர்தர்ஸ் பாஸ் சாலை 900 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பிறகு 1999இல் திறந்த ஓட்டிரா பாலத்தின் வழியே செங்குத்தாக இறங்குகிறது. கேமரன் மலையிலிருந்து லாரி ஓட்டி இறங்கியவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினாலே 100 கிலோ ஏறிவிடும். அந்தப் பாரத்தோடு பிரேக் பிடிக்க வேண்டும்.

டயரில் பூ நிறைய இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். மோட்டார்ஹோம்கள் மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பவை. டயர் தேயாது, ஆனால் மூப்படைந்து வெடிப்பு விடும். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

தாளும் கழிப்பறையும்

டீசல் வண்டிகளுக்கு அங்கே சாலைக் கட்டணத்தை 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே வாங்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டின் எண்ணையும் ஓடிய தூரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியின் பேரில் கடன் இருந்தால் கடன் கொடுத்தவர் வண்டியையே எடுத்துக்கொள்ளலாம். அரசின் பிணையப் பதிவேட்டில் பதிவு எண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். வியாபாரியிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் துணை நிற்கும். தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இலவசமாகத் தங்கும் இடங்கள் பலவற்றில் 'செல்ஃப் கன்டெய்ன்ட்' சான்று வேண்டும். மூன்று நாளுக்கான தண்ணீரும் கழிவும் வண்டிக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பது விதி. 2023இல் வந்த சட்டப்படி கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். தூக்கி வைக்கும் கழிப்பறை போதாது. பழைய நீல வில்லைக்குப் பதில் இப்போது பச்சை வில்லை. "சான்று இருக்கிறது" என்றால் எந்த நிறம் என்று கேளுங்கள்.

மாமா கடைசியில் வாங்கிய வண்டி பார்வைக்குச் சுமார். எஞ்சின் ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது, திரைச்சீலை கிழிந்தது. ஆனால் சுவர் முழுக்க 'டக் டக்'. உரிமையாளர் ஒரு கோப்பு நிறைய ரசீது வைத்திருந்தார். ஹொக்கிட்டிகாவில் இரண்டு நாள் அடைமழையில் நின்றார்களாம், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்று மாமி குரல் பதிவு அனுப்பினார்.

வாங்கும் எண்ணம் இருந்தால் கோடைக்கு முன் அவசரப்பட வேண்டாம். மார்ச், ஏப்ரலில் ஊருக்குத் திரும்பும் பயணிகள் வண்டிகளை விற்பார்கள், பேரம் பேச இடமிருக்கும். அதற்கும் முன், அதே அளவு வண்டியை ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து மேற்குக் கரைப் பக்கம் போய் வாருங்கள். மழை பெய்யும் இரவில் இரண்டு பேர் அந்தச் சின்ன இடத்தில் சமைத்து, சாப்பிட்டு, சண்டை போடாமல் தூங்க முடிகிறதா என்று தெரிந்துகொண்டு சேமிப்பில் கை வைத்தால் போதும்.