மணி ஏன் வரவில்லை?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மன்றச் செயலாளர் நம் வகுப்புக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவன் "காற்றாலை மின்சாரம்" என்றான். இன்னொருவன் "இளைஞர் கடமை" என்றான். நான் "நாய் பழக்குவது" என்றேன். வகுப்பே சிரித்தது. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறதாம், சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லையாம்!

எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. ஐந்து குடித்தனம், ஒரே வாசல். அப்பாவுக்கு எண்ணூர்ப் பக்கம் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். இரண்டு வருஷத்துக்கு முன் காசிமேட்டில், கிழிந்த வலை தைக்கும் இடத்தில் கிடந்த ஒரு குட்டியைத் தங்கை பாவாடையில் சுற்றித் தூக்கி வந்தாள். செம்பட்டை நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். ‘மணி’ என்று பெயர் வைத்தோம்.

முதல் தப்பு அந்தப் பெயர்தான். எங்கள் சந்தில் நின்று ‘மணி’ என்று குரல் கொடுத்தால் எலக்ட்ரீஷியன் ஒருவர், ஆட்டோக்காரர் ஒருவர், மாடிவீட்டு அக்கா ஒருவர் என்று மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாய் மட்டும் திரும்பாது.

நாலு மாதம் ஆனதும் சேட்டை ஆரம்பித்தது. அம்மாவின் செருப்பு போயிற்று. ஆயாவின் வெற்றிலைப் பை போயிற்று. இன்ஜினியரிங் டிராயிங் பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் என்னுடைய மினி டிராப்டர் போயிற்று! (கடித்த ஸ்கேலை ஸாரிடம் காட்டினேன். "அரியர் வைக்க இப்படியும் ஒரு காரணமா?" என்றார்.) வீட்டுக்கு யார் வந்தாலும் நெஞ்சுயரம் எகிறும். ராத்திரி பத்தரைக்கு மேல் செகண்ட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்களைச் சந்து முனை வரை குரைத்தே வழியனுப்பும்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. சாயங்காலம் மணியைக் கடலோரம் கூட்டிப் போனேன். கழுத்துப் பெல்ட் லூஸாக இருந்தது எனக்குத் தெரியும், நாளைக்கு ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். எதிரே இன்னொரு நாயைப் பார்த்ததும் தலையை உருவிக்கொண்டு ரோட்டுக்குப் பாய்ந்துவிட்டது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் வண்டிகள் ஓடுகிற ரோடு. "மணி! டேய்! வாடா! வாடா!" என்று கத்திக்கொண்டே துரத்தினேன். நான் துரத்தத் துரத்த அது இன்னும் வேகமாக ஓடியது. விளையாடுகிறேன் என்று நினைத்ததோ என்னவோ. ஒரு டிரெய்லர் பிரேக் அடித்தது. ஏர் பிரேக் சீறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சக்கரத்துக்கும் மணிக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. டிரைவர் இறங்கி வந்து திட்டியதை இந்த மலரில் அச்சிட முடியாது. அவர் மேல் தப்பும் இல்லை.

மணி கடலோரக் கருங்கல் நடுவே போய் நடுங்கிக்கொண்டு நின்றது. "வா" என்றேன். வந்தது. வந்ததும், கையிலிருந்த பெல்ட்டாலேயே நாலு அடி வைத்தேன்.

டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ராயபுரத்துக்காரர், மகள் வீட்டுக்கு வந்திருந்தார். போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர் என்று பிறகுதான் தெரியும்.

"இன்னாத்துக்குத் தம்பி அடிச்ச?"

"ரோட்டுக்கு ஓடிடுச்சுங்க ஐயா."

"ஓடுனப்போவா அடிச்ச? வந்தப்பறந்தானே அடிச்ச?"

எனக்குப் புரியவில்லை. அவர் விடவில்லை. "கடைசியா இன்னா பண்ணிச்சோ அதுக்குத்தான் கூலின்னு நெனைக்கும் நாயி. கடைசியா அது இன்னா பண்ணிச்சு? நீ கூப்ட்ட, வந்துச்சு. அதுக்கு நாலு அடி குடுத்த. நாளைக்கு வருமா?"

"அதுக்குத் தப்பு தெரியுதுங்களே. பாருங்க, எப்படிக் குனியுது!"

"அது தப்பு தெரிஞ்சு குனியல தம்பி. உன்னப் பாத்துக் குனியுது."

அன்று இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. பின்னால் படித்தபோது, அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 2009-ல் இதையே சோதித்து எழுதியிருப்பது தெரிந்தது. நாயிடம் தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போக வேண்டும். திரும்பி வரும்போது ‘உன் நாய் தின்றுவிட்டது’ என்று சிலரிடம் பொய்யாகவும் சொன்னார்கள். தின்னாத நாயும் திட்டு வாங்கியபோது அதே ‘குற்ற’ முகத்தைக் காட்டியது. அந்த முகம் வந்தது திட்டுக்குத்தான், தின்றதற்கு அல்ல.

வீட்டுக்கு வந்தால் ஹவுஸ் ஓனர் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். லாரி சமாச்சாரம் எனக்கு முன்னாலேயே அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. ராத்திரி குரைப்பது, மூன்றாம் வீட்டுக் குழந்தை மேல் எகிறியது எல்லாவற்றையும் சேர்த்து, "ஒரு மாசம் டயம் தரேன். நாயா வூடான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து, "டேய், இங்க வா" என்றார்.

நண்பர்களே, போன செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்றும் அப்பா இதே மாதிரிதான் "இங்க வா" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று என் முதுகுக்குத் தெரியும். வாசற்படியிலேயே நின்றேன். மணி என் காலுக்குப் பின்னால் நின்றது. அன்றைக்குத்தான் பெரியவர் சொன்னது மண்டையில் ஏறியது.

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். நாட்டு நாய்க்கு இதெல்லாம் வருமா, ராஜபாளையமோ அல்சேஷனோ ஆக இருந்தால் சரி என்று இழுத்தேன். சிரித்தார். சென்னையில் 1951-லேயே போலீஸ் நாய்ப் படை வந்துவிட்டது. சாதி நாய்களோடு வாழ்ந்தவர்தான் அவர். ஆனாலும், "ஜாதியப் பத்தி நீ கவலப்படாத, ஒன்னப் பத்திக் கவலப்படு" என்றார். ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 1957 நவம்பர் 3-ல் ஸ்புட்னிக்-2 கலத்தில் பூமியைச் சுற்றப் போன லைக்கா மாஸ்கோ தெருவில் பிடித்த நாய்தான். கை கால் நீட்ட முடியாத சின்னக் கூண்டில் அமைதியாக இருக்க அதைப் பழக்கியிருந்தார்கள். (பாவம், அது திரும்பி வரவில்லை. திரும்பக் கொண்டுவர ஏற்பாடே செய்யவில்லை. அந்தக் கதை வேறு.)

பெரியவர் முதலில் செய்த காரியம், ‘மணி, வா’ என்பதையே நிறுத்தச் சொன்னார். "அந்த வார்த்த கெட்டுப் போச்சு. புதுசு ஒண்ணு வையி." தெருவில் நாளைக்கு நூறு தடவை யாராவது யாரையாவது ‘வா’ என்கிறார்கள். ‘ஓடியா’ என்று வைத்தோம். இந்த வார்த்தைக்கு மூன்று சட்டம். ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். வந்தால் ஒவ்வொரு தடவையும் ஏதாவது கிடைக்க வேண்டும். குளிப்பாட்டவோ, கட்டிப் போடவோ, திட்டவோ அந்த வார்த்தையால் கூப்பிடவே கூடாது. அதற்கெல்லாம் நாமே போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

என்ன கொடுப்பது? காசிமேட்டுக்காரன் புத்தியில் நான் நெத்திலிக் கருவாடு எடுத்துப் போனேன். உப்பு அதிகம், ஆகாது என்று திட்டு வாங்கினேன். கோழி ஈரலை உப்பில்லாமல் அவித்து, வேர்க்கடலை அளவுக்கு நறுக்கிக்கொண்டேன். செலவு அதிகமில்லை. (சாக்லேட், வெங்காயம், திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். தங்கை கொடுத்த சாக்லேட்டுக்கெல்லாம் மணி பிழைத்தது அதிர்ஷ்டம்.)

கொடுக்கிற நேரம்தான் முக்கியம். வந்த ஓரிரு விநாடிக்குள் வாயில் போக வேண்டும். ஐந்து விநாடி பையைத் துழாவினால், அதற்குள் அது வேறு பக்கம் திரும்பியிருக்கும், திரும்பியதற்குத்தான் கூலி போய்ச் சேரும். நம் இன்ஜின் லேபில் இக்னிஷன் டைமிங் தள்ளிப்போனால் என்ன ஆகிறது? பெட்ரோலும் ஸ்பார்க்கும் இருந்தும் பவர் வராது. அதே கதைதான். ரஷ்யாவின் பாவ்லோவ் ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கியவர். தீனி வருவதற்கு முன்னாலேயே, அதைக் கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்துத்தான் அடுத்த ஆராய்ச்சிக்குப் போனார். முன்னால் வந்தது எது, பின்னால் வந்தது எது என்று நாய் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கிறது. என் முகத்தோடு மணி போட்டு வைத்திருந்த முடிச்சு எது என்பது உங்களுக்கே தெரியும்.

காசிமேட்டில் பத்து மீட்டர் நைலான் கயிறு வாங்கிக் கட்டி, விடிகாலையில் தொடங்கினோம். வெயில் ஏறினால் தார் ரோடு பாதத்தைச் சுடும். முதலில் வீட்டு வாசல், பிறகு சந்து, பிறகு மொட்டை மாடி, கடைசியில் கடலோரம். ஓர் இடத்தில் பத்துக்கு ஒன்பது தடவை வந்தால்தான் அடுத்த இடம். வராவிட்டால் துரத்தக் கூடாது. நாம் எதிர்ப்பக்கம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் குந்தி உட்கார வேண்டும். திருவொற்றியூர் கடலோரத்தில் ஒரு டிப்ளமோ மாணவன் தனியாகப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தால் ஜனங்கள் என்ன சொல்வார்கள்? சொன்னார்கள்!

நாலு நாள் கழித்துத்தான் முதல் தடவை தயங்காமல் வந்தது. அதுவரை ஒவ்வொரு தடவையும் கடைசி இரண்டடி தூரத்தில் வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரும். அந்த இரண்டடியைப் பார்க்கும்போதெல்லாம் ரோட்டில் பெல்ட்டை ஓங்கிய என் கைதான் கண்ணில் நின்றது.

மற்றதெல்லாம் இவ்வளவு கஷ்டமில்லை. சங்கிலியை இழுத்தால் மரம் மாதிரி நின்றுவிடுவது, தளர்ந்தால் நடப்பது. முதல் நாள் சந்து முனை டீக்கடைக்குப் போகவே அரை மணி நேரம் ஆயிற்று. செருப்புக் கடிப்பது பெரும்பாலும் பல் முளைக்கிற தொல்லை. பால் பல் 28 விழுந்து நிலையான பல் 42 முளைப்பதற்குள் நம் செருப்பை மேலே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். டிராப்டரையும்.

ஆள் மேல் எகிறுவதில் மட்டும் எங்கள் வீடே குற்றவாளி. அம்மா துடைப்பத்தால் அடிப்பார். தங்கை கட்டிப்பிடித்துக் கொஞ்சுவாள். ஆயா "போ, போ" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட் கொடுப்பார். எப்போதாவது கிடைக்கிறது என்றால் ஆசை விடவே விடாது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் வரை எங்கள் தாத்தா சீட்டு வாங்குவதை விடவில்லையாம், விழுந்தது ஒரே ஒரு தடவை, ஐம்பது ரூபாய்! நாலு காலும் தரையில் இருந்தால்தான் கொஞ்சல் என்று வீட்டில் சட்டம் போட்டேன். மணி ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டது. தங்கைக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஆயா இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ராத்திரிக் குரைப்புக்குப் பெரியவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. சைக்கிள்காரர் எப்படியும் போகப் போகிறவர்தான். ஆனால் தான் குரைத்ததால்தான் போனார் என்று மணி நினைக்கிறது. தினமும் ஜெயிக்கிற ஆட்டத்தை யார் நிறுத்துவார்கள்? நாங்கள் "கம்முனு கெட!" என்று கத்தியதும் துணைக்குக் குரைத்ததாகத்தான் அதற்குப் பட்டிருக்கும். படுக்கையை வாசலிலிருந்து பின்கட்டுக்கு மாற்றினோம். பகலெல்லாம் கட்டிப் போடுவதை நிறுத்தி, ஒன்பது மணிக்கு நன்றாக நடத்திக் கூட்டி வந்தோம். ஷிப்ட் விடும் நேரத்தில் நான் பக்கத்தில் உட்கார்ந்து, சைக்கிள் கண்ணில் பட்டதும் குரைக்கும் முன்னால் ஈரல் கொடுத்தேன். ஓட்டிப் போகும் அண்ணன் ஒருவரே நின்று, "இன்னாபா, நா வந்தா நாய்க்கு விருந்தா?" என்றார்.

இடையில் வேப்பேரிக்குக் கூட்டிப் போய், 1903-லிருந்து நடக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரியில் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டுவிட்டோம். பழகிய நாய்க்கும் இது வருஷா வருஷம் வேண்டும். எந்த நாய் கடித்தாலும் காயத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம்.

இருபத்தாறாம் நாள், கயிறு இல்லாமல் விட்டுப் பார்த்தேன். பெரியவர் இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றிருந்தார். நான் கேட்கவில்லை. ஹவுஸ் ஓனர் கெடுவுக்கு நாலே நாள் இருந்தது. கருங்கல் ஓரமாக நடந்துகொண்டிருந்தபோது அதே பழைய நாய், ரோட்டுக்கு அந்தப் பக்கம். மணி பாய்ந்தது. தூரத்தில் கண்டெய்னர் வண்டி வருவது எனக்குத் தெரிந்தது. துரத்த வேண்டும் என்று கால் துடித்தது. குந்தி உட்கார்ந்தேன்.

"ஓடியா!"

ரோட்டின் வெள்ளைக் கோட்டில் நின்றது. அந்த நாயைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. நிற்கும் காது கொஞ்சம் திரும்பியது. பிறகு நாலு கால் பாய்ச்சலில் வந்து என் மேல் விழுந்தது. கடைசி இரண்டடியிலும் குனியவில்லை. எகிறக் கூடாது என்ற சட்டத்தை அன்றைக்கு நான் பார்க்கவில்லை. ஈரல் பொட்டலத்தை மொத்தமாகக் கவிழ்த்தேன். வண்டி எங்களைக் கடந்து போயிற்று.

ஹவுஸ் ஓனர் அம்மா கெடு முடிந்த அன்று வந்தார். மணி வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. "இன்னும் ஒரு மாசம் பாப்போம்" என்று போனார். அந்த ஒரு மாசம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தீபாவளிக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. முதல் வெடிக்கே ஆயாவின் கட்டிலுக்கு அடியில் போனது மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தது. நான் கூப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்திலேயே பாயை விரித்துப் படித்துக்கொண்டிருந்தேன்.